இரண்டாவது எண்ணிக்கை

கெல்டன்,
ஜூன் 26, 1877

அன்பு மகன் ஓரினுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் லோயிஸும் மாப்பிள்ளையும் குழந்தையும் கர்த்தர் கிருபையால் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ அங்கே சுகமா? மேப்பிள் பாகு காய்ச்சுகிற நாட்களில் வந்த நாலு வரிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. அந்த நாலு வரியிலும் பாதி மின்னசோட்டாவின் குளிரைப் பற்றி. எங்களுக்குத் தெரியாத குளிரா.

அப்பாவுக்கு ஏப்ரல் கடைசியில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று லோயிஸ் உனக்கு எழுதியிருப்பாள். கோணின வாய் நேராகிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது, வலது கால்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காது முன்பே அரைக் காது, இத்தனை வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு என்ன மிஞ்சும், இப்போது இடது பக்கம் வந்து நின்று கத்தினால்தான் விழுகிறது, அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது, நாங்கள் போடுகிற சண்டை கொட்டிலில் இருக்கிற மாட்டுக்கும் தெரியும். மர ஆலையைக் கிம்பல் பார்த்துக்கொள்கிறான், பார்த்துக்கொள்கிறான் என்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஓடை நிறைய தண்ணீர் ஓடுகிறது, சக்கரம் பாதி நாள் சும்மா கிடக்கிறது. ஓரின் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது சொல்கிறார், ஜெபம் முடிந்து ஆமென் சொல்கிற மாதிரி அதையும் சொல்லிவிட்டுத்தான் கரண்டியை எடுக்கிறார். லோயிஸின் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, வீட்டையே கடித்துத் தின்றுவிடும் போலிருக்கிறது. ஆப்பிள் மரங்களில் புழு. நம் சபைக்கு ஆர்கன் வாங்குவதா வேண்டாமா என்று பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் பார்த்தால் தொப்பியைக்கூடத் தொடுவதில்லை. இதெல்லாம் செய்தி. இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம், நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள்.

இதுவரை நான் உனக்கு எழுதின கடிதம் எல்லாவற்றிலும் உன்னைத் திட்டித்தான் எழுதியிருக்கிறேன். தம்பியைப் புதைத்த வீட்டில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, பட்டம் வாங்கக்கூட நிற்காமல், மூன்றரை வருஷம் படித்த படிப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, யார் யாரோடோ காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறாயே, நம் ஊரில் மரமே இல்லையா என்று கேட்டேன். கல் நெஞ்சுக்காரன் என்றுகூட ஒரு கடிதத்தில் எழுதினேன். நீ ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை, குளிரைப் பற்றி எழுதினாய். நீ ஏன் போனாய் என்று எனக்கு இப்போது தெரியும் ஓரின். போன வெள்ளிக்கிழமை மலைமேல் கல்லூரிப் புல்வெளியில், நூறு பேருக்கு நடுவில், கையில் ஸ்ட்ராபெரி கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

உன் தம்பி ஜோயலின் வகுப்புக்கு இது கடைசி வருஷம். அவன் இருந்திருந்தால் அவனும் இந்த வாரம் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பட்டம் வாங்கியிருப்பான். பட்டமளிப்புக்கு முன்னால் நடக்கிற வகுப்பு நாள் கொண்டாட்டத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் அவசியம் வரவேண்டும், ஜோயலின் நாற்காலி உங்களுடையது என்று அந்தப் பையன்கள் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். எனக்குப் போக மனசில்லை. அப்பாதான், கால் இழுத்தாலும் பரவாயில்லை போகலாம், பையனின் சிநேகிதர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நல்ல வெயில், எல்ம் மரங்களுக்குக் கீழே நாற்காலி, பட்டுக் குடை பிடித்த தங்கைகள், எலுமிச்சைச் சாறு, பாஸ்டனிலிருந்து வந்த வாத்தியக் கோஷ்டி. எங்களை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் கறுப்பு உடையில் போயிருந்தேன், நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த சீமாட்டி தன் சிரிப்பை ஒரு சுற்றுக் குறைத்துக்கொண்டாள்.

பையன்கள் புல்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு முழ நீளத்துக்கு மேல் இருந்த களிமண் பைப்பைப் பற்றவைத்து ஆளுக்கு ஒரு இழுப்பு இழுத்துப் பக்கத்தவனிடம் கொடுக்க வேண்டும், கைக்கு வந்தவன் நாலு வருஷத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். பாதிப் பேருக்கு இருமல்தான் வந்தது. முதலில் எல்லாம் சிரிப்புக் கதைகள். புதுப் பையன் ஒருவனை அறைக்குள் பூட்டி, பத்துப் பேர் சேர்ந்து புகை விட்டு அவன் வாந்தி எடுத்தது. மணிக்கூண்டுக்குள் கன்றுக்குட்டியை ஏற்றியது. கணக்குப் பாடம் முடிந்த அன்று கணக்குப் புத்தகத்துக்குப் பாடை கட்டி, தீப்பந்தம் பிடித்து, லத்தீனில் ஒப்பாரி வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. அந்த ஒப்பாரியை எழுந்து நின்று பாடியும் காட்டினார்கள், நெஞ்சில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு அழத் தெரிந்த பிள்ளைகள் என் பிள்ளையைப் புதைத்த அன்று வரிசையாக நின்று இடது கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முப்பது நாள் அதைக் கட்டுவது என்று வகுப்பில் கைதூக்கித் தீர்மானம் போட்டார்களாம். சட்டம் இல்லாமல் அவர்களால் தும்மக்கூட முடியாது.

பிறகு பைப் ஸ்டெட்மன் கைக்கு வந்தது. உனக்குத் தெரியுமோ என்னவோ, உயரமாக, செம்பட்டை முடியோடு, வகுப்புக்குப் பேச்சாளன் அவன்தான், சட்டம் படிக்கப் போகிறானாம், நன்றாக வருவான், எதைச் சொன்னாலும் நமக்கு நியாயம் என்று தோன்றுகிற மாதிரி ஒரு குரல். அவன் பைப்பை இழுக்கவில்லை. எழுந்து நின்று எங்கள் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டு, ஜோயலைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றான். வாத்தியம் நின்றது. வந்திருக்கிற தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து சொன்னான். எனக்கும் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. இதுவரை தடிப்பிடி என்றால் பையன்கள் ஒரு கைத்தடிக்காக அடித்துக்கொள்கிற விளையாட்டு என்று மட்டும்தான் தெரியும், எந்த வீட்டுப் பையனும் அம்மாவிடம் அதற்குமேல் சொல்வதில்லை. முதல் வருஷத்துப் பையன் கையில் தடி பிடித்து நடக்கக் கூடாது, அந்த உரிமையை இரண்டாம் வருஷத்துக்காரர்களிடம் சண்டை போட்டு வாங்க வேண்டும். ஒரே ஒரு தடி. இரண்டு வகுப்பும் மோதி விழுந்து அந்தத் தடிமேல் கை வைக்க வேண்டும். நடுவர் விசில் ஊதினதும் தடியில் கை இல்லாதவன் எழுந்து விலக வேண்டும், கை வைத்தவன், எண்ணி முடித்து மறுபடி விசில் ஊதுகிற வரை, கிடக்கிற இடத்தில் கிடக்கிற மாதிரியே கிடக்க வேண்டும். நடுவர் ஊர்ந்து போய் ஒவ்வொரு மணிக்கட்டாகத் தொடுவார், தொட்டதும் கைக்காரன் தன் பெயரையும் வகுப்பையும், அதாவது பட்டம் வாங்கப்போகிற வருஷத்தையும், சொல்ல வேண்டும், எந்த வகுப்புக்குக் கை அதிகமோ அது ஜெயித்தது. நடுவர் எப்போதும் நாலாம் வருஷத்து மாணவர்.

அந்த வருஷம் தங்கள் வகுப்பு ஜெயித்தது ஒரே ஒரு கையால், அந்தக் கை ஜோயலுடையது என்று ஸ்டெட்மன் சொன்னான். இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், அடக்கத்தின்போதே அரசல்புரசலாகச் சொன்னார்கள். விழுந்த வேகத்தில் கையை வைத்தான், தலையில் அடிபட்டது, வலிகூடத் தெரியாமல் ஒரு நொடியில் முடிந்தது என்று கல்லூரித் தலைவர் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாரே. நீயும் சொன்னாய், நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சும்மா என்று. அதைத்தான் நான் இத்தனை நாளாக ராத்திரியும் பகலும் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன், ஒரு நொடிதான், ஒரு நொடிதான் என்று.

ஸ்டெட்மன் நிறுத்தவில்லை. எண்ணி முடித்ததும் இரண்டாம் வருஷத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, இரண்டாவது தடவை எண்ணச் சொன்னார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, எங்கள் ஆட்கள் சேற்றில் ஒருவர்மேல் ஒருவராக அப்படியே கிடந்தார்கள், ஒருவன்கூடக் கையை எடுக்கவில்லை என்றான். அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவன் சொன்னதை அவன் வாயால் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், நாலு நாளாக என் காதில் இதுதான் ஓடுகிறது. "எங்க நடுவரைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும். இத்தனை நாள் அவர் பேரை நாங்க வெளியில சொன்னதில்ல, சொல்லக் கூடாதுங்கிறது எங்க கட்டுப்பாடு. இன்னிக்கு அவரைப் பெத்தவங்க முன்னாடி சொல்றேன், பெருமையா சொல்றேன். உங்க தம்பி உள்ள இருக்கானே, நீங்க எப்படி நடுவரா நிப்பீங்கன்னு அவங்க கேட்டப்ப, 'எனக்குத் தம்பி இருக்காங்கிறதை விசில் ஊதற வரைக்கும் மறந்துடறேன்'னாரு ஓரின் தர்லோ. மறந்தாரு. தன் தம்பி கையை யாரோ ஒருத்தன் கை மாதிரி ரெண்டு தடவை எண்ணினாரு. அதைவிட நியாயமான மனுஷனை இந்தக் கல்லூரி பாத்ததில்ல."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எங்களைப் பார்த்துத் தட்டினார்கள். அப்பாவுக்கு ஒரு சொல்லும் விழவில்லை, கைதட்டுகிறார்கள் என்று கண்டு அவரும் தட்டினார், என் பக்கம் குனிந்து, "நம்ம ஜோயலைப் பத்தி நல்லா சொன்னானா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார். நன்றாகச் சொன்னான் என்றேன். அவர் அழுதார், சந்தோஷ அழுகை. பிறகு அவர்கள் அந்தத் தடியைக் கொண்டுவந்தார்கள். ஜெயித்த தடியை அறுத்துத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுவதுதான் வழக்கமாம், இவர்கள் ஜோயலுக்காக அறுக்காமல் முழுசாக வைத்திருந்து, பூண் போட்டு, அவன் பெயரும் வகுப்பும் பொறித்து அப்பா கையில் கொடுத்தார்கள். அவர் அந்த இடத்திலேயே அதை ஊன்றி எழுந்து நின்றார், ஏப்ரலுக்குப் பிறகு யார் தோளையும் பிடிக்காமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. மறுபடியும் கைதட்டல். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் டட்டிலைப் பிடித்தேன். ஜோயலோடு ஒரே அறையில் இருந்தானே, ஹோமர் டட்டில், நோஞ்சான் பையன், ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்து நான் சமைத்த பீன்ஸை மூன்று தட்டு சாப்பிட்டவன். வரும் இலையுதிர் காலத்தில் போதகர் படிப்புக்குப் போகிறான். நூலகத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், நீ ஜோயலுக்குப் பக்கத்தில் கிடந்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அப்படியானால் சொல் என்றேன். வகுப்புக் கட்டுப்பாடு என்று ஆரம்பித்தான், இன்னும் மூன்று நாளில் உனக்கு வகுப்பே கிடையாது, சொல் என்றேன்.

அவன் சொன்னான். ஜோயல் அடியில் குப்புற விழுந்துவிட்டான், தடி அவன் நெஞ்சுக்குக் கீழே, அவன்மேல் மூன்று பேரோ நாலு பேரோ, அன்று மழை பெய்திருந்ததால் முகம் பாதி சேற்றில். தலையில் அடி எதுவும் இல்லை. முதல் தடவை எண்ணும்போது நீ அவன் மணிக்கட்டைத் தொட்டதும் பெயரையும் வகுப்பையும் ஜோயலே சொல்லியிருக்கிறான், குரல் நசுங்கி வந்தாலும் தெளிவாக வந்தது என்றான் டட்டில். நீ அடுத்த கைக்குப் போன பிறகு டட்டிலிடம் ஜோயல் சொன்னானாம், "அண்ணன்தான்டா எண்ணுறான். சீக்கிரம் முடிச்சிடுவான்." அதற்குப் பிறகு தகராறு. மறுபடி எண்ணு என்று அவர்கள் கத்த, வேண்டாம் என்று இவர்கள் கத்த, நீ சட்டப்படி மறுபடி எண்ண வேண்டும் என்றாய். அதற்குள் ஜோயலின் மூச்சு ஒரு மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. டட்டில் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன். "நான் கத்தினேம்மா, ஜோயலுக்கு முடியல, எழுந்திருங்கன்னு. அண்ணனுக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும், அவரு அப்படியே நின்னுட்டாரு. அந்தப் பக்கம் ஒருத்தன், தம்பின்னதும் விசிலை ஊதிக் கலைச்சு விடப்போறாரு பாருன்னு சிரிச்சான். உடனே அண்ணன் சொன்னாரு, 'யாரும் அசையக் கூடாது, எல்லாருக்கும் ஒரே சட்டம்'னு."

இரண்டாவது தடவை நீ வந்து அந்த மணிக்கட்டைத் தொட்டபோது பெயர் வரவில்லை. நீ காத்திருந்தாயாம். கையை எடுக்காமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாய் என்றான் டட்டில். கையின் கணக்கு போய்விடுமே என்ற பயத்தில் டட்டில்தான் அவனுக்குப் பதிலாக, தர்லோ, எழுபத்தேழு என்று சொல்லியிருக்கிறான். நீ அதை எண்ணிவிட்டு அடுத்த கைக்குப் போனாய். விசில் ஊதினதும் எல்லோரும் குதித்து எழுந்து ஆடினார்கள், தடியை எடுக்கப் போனபோதுதான் ஜோயலின் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு டட்டில் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். நீங்கள் எல்லோரும் அதற்குப் பிறகாவது இந்த விளையாட்டை விட்டீர்களா என்று கேட்டேன். கல்லூரி தடை போட்டதாம், அடுத்த வருஷம் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலத்தில் வைத்துக்கொண்டார்களாம். ஜோயலின் பெயரைக் கூவிக்கொண்டுதான் பாய்ந்தார்களாம். ஓரின், என் பிள்ளையின் பெயரை. நான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தபோது அது எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அந்தத் தடியை ஊன்றிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறார், கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கொட்டிலுக்கு, நேற்று ஆலை வரைக்கும்கூடப் போய்க் கிம்பலைத் திட்டிவிட்டு வந்தார். தடி வந்ததிலிருந்து முகத்தில் களை வந்திருக்கிறது என்று லோயிஸ் சந்தோஷப்படுகிறாள். எனக்கு அந்த டக் டக் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாவுப் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் நிற்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் போட்டுவிடலாம் என்று ஒரு தடவை கையில் எடுத்தேன், அவர் எங்கே என் தடி என்று கேட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து வந்தார், கொடுத்துவிட்டேன். அவருக்கு நான் சொல்லமாட்டேன். அது உன் வாயிலிருந்து வரவேண்டியது, அதுவும் அவர் இடது காதுப் பக்கம் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்லவேண்டியிருக்கும், அதை நினைத்துத்தான் நீ அங்கேயே இருந்துவிட்டாயோ என்றும் தோன்றுகிறது.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் ஓரின். மறைக்க மாட்டேன். இரண்டாம் வருஷத்துப் பையன் எவனோ ஒருவன் சிரித்தானே, அவன் பெயர் இன்று உனக்கு நினைவிருக்குமா? அந்தச் சிரிப்புக்குப் பயந்தாய். தம்பிக்குச் சலுகை காட்டினான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்று நின்றாய். கீழே கிடந்தது முன்பின் தெரியாத வீட்டுப் பையனாக இருந்திருந்தால், முடியவில்லை என்று ஒருவன் கத்தினதும் நீ விசிலை ஊதியிருப்பாய், எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான், ஒரு கோழி காலில் கயிறு சுற்றிக்கொண்டால்கூட ஓடிப் போய் அவிழ்ப்பவன் நீ. உன் தம்பி என்பதால்தான் ஊதவில்லை. அண்ணன் எண்ணுகிறான், சீக்கிரம் முடித்துவிடுவான் என்று அவன் நம்பிக்கொண்டு கிடந்தான். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். டட்டில் இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையாம். ஆனால் ஜோயல் கடைசியாகப் பேசினது அது, அதில் உனக்கும் பங்கு உண்டு, நான் மட்டும் வைத்துக்கொண்டால் அது திருட்டு.

ஸ்டெட்மன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. அவன் நம்மைக் கௌரவப்படுத்துகிறோம் என்றுதான் உண்மையாகவே நினைத்தான். அவர்களில் ஒருவனாவது நீ செய்தது தப்பு என்று சொல்லியிருந்தால் நீ அன்றே ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாய், சண்டை போட்டிருப்பாய், வீட்டுக்கு வந்து என் காலடியில் விழுந்திருப்பாய். எல்லோரும் சேர்ந்து உன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், நியாயமான மனுஷன் என்றார்கள். அந்தப் பாராட்டைத் தாங்க முடியாமல்தான் நீ ஓடினாய் என்று இப்போது நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நீ வந்து திருத்து.

அப்பாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அடுத்த தடவை இழுத்துக்கொண்டால் தாங்காது என்று வைத்தியர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார், அதை அவருக்குச் சொல்லவில்லை, இந்த வீட்டில் நான் சுமக்கிற மூட்டைகளைப் பார். வைக்கோல் அறுப்புக்கு வரமுடியாவிட்டால் ஆப்பிள் பறிப்புக்குள் வா. உன் அறையில் லோயிஸ் கம்பளியெல்லாம் அடைத்துவைத்திருந்தாள், நேற்று காலி பண்ணச் சொல்லிவிட்டேன். நீ வந்தால் நான் வாசலுக்கு ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொள்வேனா, அறைவேனா, எனக்கே தெரியவில்லை, இரண்டுக்கும் தயாராக வா.

அங்கே மரம் சாயும் பக்கம் நிற்காதே. கோடரி வேலை முடிந்து வியர்வையோடு பனியில் நிற்காதே, ஈரக் காலுறையை மாற்று. கூட இருக்கிறவர்கள் குடித்தால் குடிக்கட்டும், உனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்க இடம் இல்லையென்றால் மரத்தடியில் உட்கார்ந்தாவது ஜெபி. லோயிஸ் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள், அப்பா சொன்னதை மேலே எழுதிவிட்டேன். கர்த்தர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், போகும் வழியிலும் வரும் வழியிலும் உன் தலைமேல் அவர் கை இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது தடவை நீ அந்த மணிக்கட்டை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாய் என்றான் டட்டில். அப்போது அதில் நாடி இருந்ததா? இருந்தது என்று நீ சொன்னால் உன்னை மன்னிக்க என்னால் முடியுமா தெரியாது. இல்லை என்று சொன்னால் நம்புவேனா, அதுவும் தெரியாது. ஆனால் எனக்கு அது தெரிய வேண்டும், அதைத் தெரிந்தவன் உலகத்தில் நீ ஒருவன்தான். பதில் எழுதாதே. வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஜோயலுக்கும் உனக்கும் அம்மா,
ரொக்ஸானா தர்லோ